பென் நெவிஸின் பனி இடுக்குகள்

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை 1,345 மீட்டர் உயரம். பிரிட்டனின் மிக உயர்ந்த மலை அதுதான் என்றாலும், ஆல்ப்ஸையும் இமயத்தையும் பார்த்தவர்கள் அதைக் குன்று என்றே சொல்வார்கள். கோடையில் மேற்குப் பக்கமாக வளைந்து வளைந்து போகும் பாதையில் குடும்பத்தோடு ஏறி இறங்குகிறார்கள். வடக்கு முகம் வேறு மாதிரி. சுமார் 700 மீட்டர் உயரத்துக்குப் பாறைச் சுவர், அந்தச் சுவரில் மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் பிளவுகள். மலையேறிகள் இவற்றைக் கல்லி என்பார்கள். நாம் இடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பல இடுக்குகளுக்கு எண்ணே பெயர்: நம்பர் டூ, நம்பர் த்ரீ, நம்பர் ஃபோர். குளிர்காலத்தில் இவை பனியால் நிரம்பிவிடும். இரண்டு, மூன்று, நான்கு பேராக நண்பர்கள் சேர்ந்து, காலணியில் கிராம்பான் முட்களை மாட்டிக்கொண்டு, கையில் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடாலியோடு இவற்றில் ஏறுவது நூறாண்டு தாண்டிய வழக்கம். வேதியியலாளர் நார்மன் கோலியும் தோழர்களும் 1894 மார்ச்சில் டவர் ரிட்ஜ் என்ற பாறை முகட்டைப் பனியோடு ஏறியது அந்த வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று.

இந்த இடுக்குகளில் விபத்துகள் நடப்பது அவை செங்குத்தாக இருப்பதால் மட்டுமல்ல. திங்கட்கிழமை படிக்கட்டு போல உறுதியாக இருந்த அதே இடுக்கு வியாழக்கிழமை பொறியாக மாறியிருக்கும். பாறை மாறவில்லை, சரிவின் கோணமும் மாறவில்லை. இடையில் மாறியது பனி மட்டும். அது ஏன் மாறுகிறது, எப்படி மாறுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதன்மேல் கால் வைக்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

இயற்பியல் கண்ணோட்டத்தில் பனி மிகவும் சூடான பொருள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஒரு திடப்பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அதன் உருகுநிலையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் பனி, கெல்வின் அளவில் 263, உருகுநிலை 273. அதாவது உருகும் வெப்பநிலையின் 96 சதவீதத்தை அது எட்டிவிட்டது. இரும்பை அதே விகிதத்துக்குச் சூடேற்றினால் 1,400 டிகிரி செல்சியஸைத் தாண்டி வெண்சூட்டில் ஒளிரும். அந்த நிலையில் எந்தப் பொருளும் சும்மா இருக்காது. பனிப்படிகங்களில் உள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் ஆவியாகி, வேறிடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. படிகத்தின் கூரான முனைகளிலிருந்து அவை எளிதில் பிரிந்துவிடும். இரண்டு படிகங்கள் தொட்டுக்கொள்ளும் குழிவான இடத்தில் போய்ப் படியும். வானத்திலிருந்து ஆறு கைகளோடு இறங்கிய நட்சத்திரம் சில நாட்களில் கைகளை இழந்து உருண்டை மணியாகிவிடும். பக்கத்து மணியோடு அதை இணைக்கும் கழுத்து மட்டும் தடித்துக்கொண்டே போகும். உலோகத் தூளைச் சூட்டில் உருக்காமலே ஒட்டவைக்கும் தொழிற்சாலைகளில் நடப்பதும் இதே வினைதான்.

இதற்கு நேரெதிரான வினையும் உண்டு. பனிப் போர்வையின் அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும். மேலே காற்று மைனஸ் 10, போர்வையின் தடிமன் அரை மீட்டர் என்றால், மீட்டருக்கு 20 டிகிரி என்ற கணக்கில் வெப்பநிலை மாறுகிறது. இந்த வேறுபாடு மீட்டருக்குச் சுமார் 10 டிகிரியைத் தாண்டினாலே அடியிலிருந்து நீராவி வேகமாக மேலே ஏறும். அப்போது படிகங்கள் ஒட்டிக்கொள்வதற்குப் பதிலாகப் பட்டை தீட்டியது போல முகங்களோடு வளரும். ஒன்றோடொன்று பிடிப்பே இருக்காது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். மலையேறிகள் இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள். போர்வை மெல்லியதாகவும் குளிர் கடுமையாகவும் இருக்கும் இடங்களில்தான் இது அதிகம். இமயத்தின் உயரமான, வறண்ட பகுதிகள் அப்படிப்பட்டவை.

பென் நெவிஸ் அந்த வகை அல்ல. அதன் குணத்தை நாம் அறிந்திருப்பதற்கு ஒரு வானிலை நிலையம் காரணம். கிளெமென்ட் ராக் என்பவர் 1881 கோடையில் அடிவாரத்து ஃபோர்ட் வில்லியம் பக்கமிருந்து நாள்தோறும் உச்சிக்கு ஏறிப்போய் அளவீடுகள் எடுத்தார். மழை, புயல் எதற்காகவும் நிறுத்தவில்லை. அவர் காட்டிய வழியில் 1883-இல் உச்சியிலேயே ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. 1904 வரை இருபத்தோராண்டுகள் அங்கேயே மனிதர்கள் தங்கி மணிக்கொரு முறை வெப்பமானியைப் பார்த்துக் குறித்தார்கள். பனி உயர உயரக் கதவை அடையும் வழியைத் தோண்டிக்கொண்டே இருந்தார்கள். நிலையத்துக் குப்பையை அவர்கள் கொட்டிய இடுக்குக்குக் கார்டிலூ கல்லி என்ற பெயர் இன்றும் நிற்கிறது. 1894 செப்டம்பரில் சி. டி. ஆர். வில்சன் என்ற இளம் இயற்பியலாளர் இரண்டு வாரம் அங்கே வேலை பார்த்தார். மேகத்தின் மேல் சூரிய ஒளி வரைந்த வண்ண வளையங்கள் அவரை ஆட்கொண்டன. அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்கும் முயற்சியில் பிறந்ததுதான் முகில் அறை; அணுத் துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டிய அந்தக் கருவிக்காக 1927-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மலை உச்சியின் மூடுபனியிலிருந்து அணு இயற்பியலுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்பது எனக்கு என்றும் அலுக்காத செய்தி.

அந்த நிலையம் கண்ட ஆண்டுச் சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குச் சற்றே கீழே. இதுதான் பென் நெவிஸின் ரகசியம். அட்லாண்டிக் கடலிலிருந்து ஒரு நாள் ஈரமான வெப்பக் காற்று வரும். பனி மேற்பரப்பு உருகி நீர் உள்ளே இறங்கும். அடுத்த நாள் வடக்கிலிருந்து குளிர், எல்லாம் இறுகிவிடும். உருகி உறைந்து, மீண்டும் உருகி உறைந்து, மார்ச் வாக்கில் இடுக்குகளில் நெவே என்ற கெட்டிப் பனி உருவாகிறது. புதிதாக விழுந்த பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. நெவே 500-ஐத் தாண்டும். முழுப் பனிக்கட்டி 917. நெவேயில் கோடாலியை ஒரு வீச்சில் இறக்கினால் சத்தமில்லாமல் நுழைந்து அப்படியே பிடித்துக்கொள்ளும். கிராம்பானின் முன்முட்கள் இரண்டு மட்டும் பதிந்தாலே உடல் எடையைத் தாங்கும். உலகெங்குமிருந்து பனி ஏறுபவர்கள் இந்தச் சிறிய மலையைத் தேடி வருவதற்கு இந்தக் கெட்டிப் பனிதான் காரணம்.

அதே மலையின் கொடிய முகம் காற்றில் இருக்கிறது. தென்மேற்குக் காற்று உச்சிச் சமவெளியில் கிடக்கும் பனியை வாரிக்கொண்டு வடக்கு, கிழக்குப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டும். வானத்திலிருந்து ஒரு துளி விழாத நாளிலும் இடுக்குகள் நிரம்பும். உருண்டு வரும் வழியில் படிகங்களின் கைகள் உடைந்து தூளாகும். தூள் நெருக்கமாகப் படியும். விளைவு காற்றுப் பாளம்: பார்வைக்குச் சுண்ணாம்பு பூசியது போல மங்கிய வெள்ளை, தொட்டால் கெட்டி, காலடியில் கிறீச்சென்று ஒலிக்கும். கெட்டியாக இருப்பதால் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் அது கீழேயுள்ள பழைய பனியோடு இன்னும் பிணைப்புப் பெறவில்லை. கெட்டியாக இருப்பதாலேயே ஓரிடத்தில் ஏற்பட்ட விரிசலை அது பரப்பளவு முழுவதும் கடத்திவிடும். ஒருவரின் எடை கீழுள்ள பலவீன அடுக்கில் ஓரிடத்தை நொறுக்கினால் போதும். நொறுங்கல் பக்கவாட்டில் ஓடும்; பாளம் முழுதும் ஒரே நேரத்தில் பிடி இழக்கும்.

அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இருபது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் தடிமன் உள்ள பாளம் ஒரு சிறிய பாளம்தான். கன அளவு 120 கன மீட்டர். கன மீட்டருக்கு 250 கிலோ என்றால் 30 டன். இது ஒரு பெரிய சரிவில் விரிந்து பரவினால் ஆள் தப்பிக்கலாம். இடுக்குக்குள் பரவ இடமில்லை. இரண்டு பக்கமும் பாறை. மேலே நடப்பது எல்லாம் அந்த ஒரே வாய்க்காலில்தான் வந்து சேர வேண்டும். பாளப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை உள்ள சரிவுகளில் நிகழ்கின்றன. எளிய இடுக்குகளின் கீழ்ப்பகுதியும் அவற்றை அடையும் அணுகுசரிவும் சரியாக இந்த எல்லைக்குள் அமைந்திருக்கின்றன. புதிதாக வருபவர்கள் மேலே செங்குத்தாகத் தெரியும் இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது பெரும்பாலும் அதற்குக் கீழே, நடந்தே போய்விடலாம் என்று தோன்றும் இடத்தில்.

இடுக்கின் மேல்முனையில் கார்னிஸ் இருக்கும். சமவெளியின் விளிம்பைத் தாண்டிக் காற்று கட்டிய பனி விளிம்பு அது; வீட்டு ஜன்னல் மேலுள்ள சன்ஷேடு போல வெறும் வெளியில் நீட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் அடியில் கம்பியோ தூணோ கிடையாது. வெயில் ஏறினாலும் வெப்பக் காற்று வந்தாலும் முறிந்து விழும். இருட்டோடு கிளம்பிப் பகல் சூடேறுமுன் ஏறி முடித்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பனியின் உள்நிலையைக் கண்ணால் அறிய முடியாது. தோண்டிப் பார்க்க வேண்டும். நால்வர் குழு ஒன்று இடுக்கின் வாசலுக்குச் சற்று ஒதுக்குப்புறமாக, அதே திசையை நோக்கிய, பாதுகாப்பான ஒரு சரிவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மண்வாரியால் ஒரு மீட்டருக்கு மேல் குழி வெட்டுகிறார். குழிச் சுவரைச் சீராகச் செதுக்கி விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே போகிறார். முதலில் ஒரு விரல் நுழைகிறது. பிறகு பென்சில் முனை மட்டும். நடுவில் திடீரென்று நான்கு விரலும் சேர்ந்து நுழையும் ஒரு மெல்லிய அடுக்கு, மீண்டும் கெட்டி. கெட்டிக்கு அடியில் மென்மை என்பதுதான் தேடிய அபாயக் குறி. அடுத்து 30-க்கு 30 சென்டிமீட்டர் தூண் ஒன்றை நாற்புறமும் அறுத்துப் பிரிக்கிறார். அதன் தலையில் மண்வாரித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. பன்னிரண்டாவது தட்டில் தூணின் மேற்பாதி மேசை இழுப்பறையைப் போலச் சுத்தமாக வழுக்கி முன்னே வந்தால், அன்றைய ஏற்றம் அங்கேயே முடிந்தது. முப்பதிலும் அசையவில்லை என்றால் அந்த ஓரிடத்தில் அசையவில்லை என்பது மட்டுமே பொருள். இருபது மீட்டர் தள்ளிக் காற்று வேறு விதமாகக் கொட்டியிருக்கலாம். இச்சோதனை போகாதே என்று சொல்லத் தகுதியுள்ளது. போ என்று சொல்லும் தகுதி அதற்கில்லை. இதை மறப்பவர்கள் அதிகம்.

சரி, பனி நன்றாக இறுகியிருக்கிறது, ஏறுகிறார்கள். இப்போது வேறொரு கணக்கு. நாற்பத்தைந்து டிகிரி நெவேயில் வழுக்கும் மழைச்சட்டையோடு ஒருவர் சறுக்கினால், உராய்வைக் கழித்துவிட்டு அவரது முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் ஐந்தரை மீட்டர். இரண்டே நொடியில் மணிக்கு 40 கிலோமீட்டர். மூன்று நொடியில் 60. முதல் நொடிக்குள் கோடாலியின் அலகை நெஞ்சுக்குக் கீழே வைத்து உடல் எடையால் அழுத்தி நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு அலகு பனியில் நிற்காது, கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். பள்ளத்தாக்கின் பாதுகாப்பான சரிவில் வேண்டுமென்றே விழுந்து விழுந்து பழகுவதற்குக் காரணம் இந்த ஒரு நொடிதான்.

நண்பர்கள் கயிற்றால் கட்டிக்கொண்டு ஒன்றாக ஏறினால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. கணக்கு வேறு சொல்கிறது. எண்பது கிலோ ஆள் இரண்டு நொடி சறுக்கிய பிறகு அவரிடம் உள்ள ஆற்றல், ஆறு மீட்டர் உயரத்திலிருந்து நேரே விழுந்தவரின் ஆற்றலுக்குச் சமம். முன்முட்கள் இரண்டில் நிற்கும் தோழர் அதைத் தாங்க மாட்டார். ஒருவர் விழுந்தால் நால்வரும் போவார்கள். கயிறு இருந்தால் அது பனியில் நங்கூரமிட்டிருக்க வேண்டும். பனியைக் குறுக்காக வெட்டி, அதில் கோடாலியைக் கிடத்தி, அதன் நடுவில் பட்டியைக் கட்டி, கீழ்நோக்கி இன்னொரு சிறு பள்ளத்தில் பட்டியை வெளியே கொண்டுவர வேண்டும். முன்னால் உள்ள பனியைக் கலைக்கக் கூடாது. இழுவிசையைத் தாங்கப்போவது அந்தப் பனிதான். இதைப் பத்து நிமிடம் நின்று செய்யப் பொறுமையில்லாதவர் கயிற்றைப் பையிலேயே வைத்துக்கொள்வது மேல்.

கருவிகள் இன்று எவ்வளவோ மாறிவிட்டன. 1960 பிப்ரவரியில் ஜிம்மி மார்ஷலும் ராபின் ஸ்மித்தும் ஒரே வாரத்தில் வடக்கு முகத்தில் ஆறு கடினமான வழிகளைப் புதிதாக ஏறினார்கள். இடையில் பாயின்ட் ஃபைவ் கல்லியையும் ஏழு மணி நேரத்தில் முடித்தார்கள். முந்தைய ஆண்டு அதை முதன்முதல் ஏறிய குழுவுக்குப் பல நாட்கள் பிடித்தன. வளைந்த அலகுள்ள கோடாலிகள் அப்போது இல்லை. காலுக்குக் காலாகப் படி வெட்டித்தான் போனார்கள். ஒருவர் படி வெட்டி முன்னேறுவார், மற்றவர் கவனித்துப் பின்தொடர்வார், அடுத்த கயிற்று நீளத்தில் பொறுப்பை மாற்றிக்கொள்வார்கள். அந்த வாரத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அவர்களுடைய தோள் வலிமையைவிட ஒருவர் முடிவை மற்றவர் நம்பிய விதம்தான் எனக்கு வியப்பு.

ஏனென்றால் குழு என்பதே ஓர் ஆபத்தாகவும் மாறும். இயன் மெக்காமன் 2004-இல் அமெரிக்காவில் 1972 முதல் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து வெளியிட்டார். சிக்கியவர்களில் பலருக்குப் பனிச்சரிவைப் பற்றிப் பயிற்சி இருந்தது. அறிகுறிகளும் கண்முன்னே இருந்தன. பிறகு ஏன் போனார்கள்? பழகிய சரிவு என்ற தைரியம். கிளம்பியாகிவிட்டது, திரும்ப மனமில்லை. கூட இருப்பவர்கள் முன் பயந்தவராகத் தெரியக் கூடாது. அவருக்குத் தெரியாததா என்று ஒருவரை நம்பிவிடுவது. வேறு குழுவும் போகிறதே. மனம் நாள்தோறும் பயன்படுத்தும் இந்தக் குறுக்குவழிகள் கடைத்தெருவில் நன்றாகவே வேலை செய்கின்றன. பனியில் அவை ஆளைக் கொல்கின்றன. பனிச்சரிவில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் தாமோ தம் தோழர்களோ கிளப்பிவிட்ட சரிவிலேயே சிக்குகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே அனுபவமுள்ள குழுக்கள் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கின்றன. அனுபவம் குறைந்தவர் முதலில் பேசுவார், தலைவர் கடைசியில். ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவார்கள். இந்தப் பழக்கத்தை நான் எந்தக் கருவிக்கும் மேலாக மதிக்கிறேன்.

நண்பர்கள் தேவைப்படும் இடங்கள் வேறு. பனியில் புதைந்தவரைப் பற்றிய சுவிஸ் தரவுகள் தெளிவானவை: கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள், 35 நிமிடம் ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். 2024-இல் வெளியான புதிய பகுப்பாய்வு அந்தக் கால் மணியையும் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டது. எந்த மீட்புக் குழுவாலும் பத்து நிமிடத்தில் வந்துசேர முடியாது. கூட இருப்பவரிடம் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவியும் குத்திப் பார்க்கும் நீள்கோலும் மண்வாரியும் இருந்து, பயன்படுத்தவும் தெரிந்திருந்தால்தான் உயிர். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடப்பதும், மற்றவர்கள் ஒதுங்கி நின்று கண் எடுக்காமல் பார்ப்பதும் இதற்காகவே.

குளிரும் அப்படித்தான். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று வீசினால் வெளியே தெரியும் தோலுக்கு அது மைனஸ் 16 போல. ஏறுபவர் உடல் சூடாக இருக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பவரே முதலில் உறைவார். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது நாக்கு குழறும், கை தடுமாறும், முகம் சிடுசிடுக்கும். பாதிக்கப்பட்டவருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர் பக்கத்தில் நிற்பவர்.

உச்சியைத் தொட்டாலும் பென் நெவிஸ் விடுவதில்லை. மூடுபனியும் தரைப்பனியும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும் நாளில், உச்சியிலிருந்து வரைபடத் திசைக்கோணம் 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு 282 டிகிரி என்று காலடியை எண்ணித்தான் இறங்க வேண்டும். வலப்பக்கம் விலகினால் கார்டிலூ கல்லியின் கார்னிஸ். இடப்பக்கம் விலகினால் ஃபைவ் ஃபிங்கர் கல்லி.

ஸ்காட்லாந்தில் ஆறு மலைப்பகுதிகளுக்குக் குளிர்காலம் முழுதும் பனிச்சரிவு முன்னறிவிப்பு நாள்தோறும் வெளியாகிறது. எந்தத் திசை நோக்கிய சரிவில், எந்த உயரத்துக்கு மேல், எவ்வளவு அபாயம் என்று ஒன்று முதல் ஐந்து வரையிலான அளவில் அதில் இருக்கும். நம் நாட்டில் இந்தப் பணியைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ-வின் சண்டிகர் ஆய்வகம் செய்கிறது. ஜம்மு காஷ்மீர், லடாக், இமாச்சலம், உத்தராகண்ட் பகுதிகளுக்கு எச்சரிக்கை தருகிறது. தமிழ்நாட்டிலிருந்து இப்போது நிறைய இளைஞர்கள் குளிர்காலத்தில் இமயப் பனியில் நடக்க நண்பர்களோடு கிளம்புகிறார்கள். பயணத்துக்குப் பணம் கட்டுமுன் நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அன்றன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையை யார் பார்ப்பார், குழுவில் எத்தனை பேரிடம் சமிக்ஞைக் கருவியும் மண்வாரியும் இருக்கும், ஒருவர் திரும்பிவிடலாம் என்றால் என்ன செய்வீர்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் வராத குழுவோடு பனிக்குப் போகாதீர்கள்.